எட்டாவது ஆட்டம் எங்கே?

கன்னத்திற் கைவைத்து மணிக்கணக்காகச் சிந்திக்கும் ஆட்டமன்று மின்னல் சதுரங்கம். ஆளுக்கு 3 நிமிஷம். நகர்த்துந்தோறும் மேலதிகமாக 2 விநாடி. அவ்வளவே!

2024 டிசெம்பர் 31இல் நியூயோர்க்கில் நடந்த உலக மின்னல் சதுரங்க இறுதிப் போட்டியில், நோர்வே வீரர் கார்ல்சன் முதலிரு ஆட்டங்களையும் வென்றார். இன்னுமொரு சமநிலை போதும். ரஷ்யரான நெப்போம்னியாச்சியோ அடுத்த இரண்டையும் தட்டிக்கொண்டார்! பின்னர் ஆடிய மூன்றும் சமநிலை.

ஒருவர் வெல்லும்வரை ஆடுவதே விதி. கார்ல்சனோ பட்டத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்றார். சர்வதேசச் சம்மேளனமும் இசைந்தது. பெருந்தன்மையெனச் சிலர் மெச்சினர். நமக்கு அது உவப்பாயில்லை. அதே போட்டியின் மகளிர் இறுதியாட்டத்தில், சீன நங்கையரான ஜூ வென்ஜுனும் லெய் டிங்ஜியேயும் முடிவு காணும்வரை ஆடினார்கள், ஜூ வென்றார். ஆடவர்க்கு மட்டும் ஏன் இச்சலுகை?