ஊரோடு கட்டட்டும், முதலாளியோடு வேண்டாம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டூல் ரூமில் கைபழகிய ஃபிட்டருக்கும், கொரட்டூரில் குடியிருந்துகொண்டு ஐடி கம்பெனிக்குப் போய்வரும் பொறியாளருக்கும் ஆஸ்திரேலியா விடுக்கும் அழைப்பு ஒன்றுபோலத்தான் தெரியும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களைத் தவிர்த்து மற்ற பகுதிகளில் மூன்று ஆண்டு வசித்து, வேலை பார்த்து, வரிக் கணக்குக் காட்டினால் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அந்த அழைப்பு. 2019 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மாநில அரசோ அங்கே வசிக்கும் உறவினரோ முன்மொழிந்தால் 491 என்ற எண் கொண்ட விசா; ஒரு முதலாளி முன்மொழிந்தால் 494. இரண்டும் ஐந்து ஆண்டு செல்லும். இரண்டும் போய்ச் சேருவது 191 என்ற ஒரே நிரந்தர விசாவில். அதனால் ஏஜென்டுகளின் விளம்பரத்தில் இரண்டும் 'பிஆர் பாதை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒன்று ஆளை ஊரோடு கட்டுகிறது, மற்றது முதலாளியோடு கட்டுகிறது. முதல் கட்டு நியாயமானது, தாராளமாக ஏற்கலாம். இரண்டாவது கட்டைத் தளர்த்தும்படி இந்தியா கேட்க வேண்டும், தமிழ்நாடு கேட்க வைக்க வேண்டும்.

ஊரோடு கட்டுவதில் ஏன் தவறு இல்லை என்பதை முதலில் பார்க்கலாம். ஆள் பற்றாக்குறையுள்ள பகுதிக்கு ஆள் வேண்டும். வருபவருக்கு நிரந்தர உரிமை வேண்டும். இடையில் மூன்று ஆண்டு என்பது இரு தரப்பும் கண் திறந்து செய்துகொள்ளும் பேரம். அந்தப் பகுதிகளும் வெறும் பொட்டல்காடு அல்ல. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெர்த் நகரமே சட்டத்தின் கண்ணில் 'பிராந்தியம்'தான். அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட், தலைநகர் கான்பெரா எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 491 விசாவில் இருப்பவர் இந்த எல்லைக்குள் எந்த நிறுவனத்திலும், எந்த வேலையிலும் சேரலாம், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். முன்மொழிந்த மாநிலத்துக்கு அவர் கடமைப்பட்டவர்தான், ஆனால் எந்தத் தனிமனிதரின் கையெழுத்தையும் நம்பி அவர் இல்லை.

இந்த வேறுபாட்டின் மதிப்பு கொரட்டூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்க வேண்டும். பாடியில் 1961-ல் லூகாஸ் டிவிஎஸ் வந்தது, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த வட்டாரத்துக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் ஆள் வரவேண்டியிருந்தது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பும், அரக்கோணம் பாதையின் மின்சார ரயிலும், ஐடிஐயும் அவர்களை இழுத்தன, வந்தவர்கள் தங்கினார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக்குத் தொழில் திறமை சேர்ந்தது ஆட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் அல்ல. ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸாக இருந்தவர் பக்கத்துத் தெருப் பட்டறைக்கு டர்னராகப் போனார், அங்கிருந்து டை மேக்கராக இன்னொரு கம்பெனிக்குப் போனார், பிறகு கடன் வாங்கி ஒரு பழைய லேத்தைப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார். தொழிற்பேட்டையின் சிறு நிறுவனங்களில் பலவற்றின் பிறப்பு இப்படித்தான். முதல் முதலாளியை விட்டால் வட்டாரத்தை விட்டே வெளியேற வேண்டும் என்று அன்று ஒரு விதி இருந்திருந்தால், அம்பத்தூர் நாலைந்து பெரிய ஆலைகளோடு நின்றிருக்கும். ஒரு பகுதி வளர்வதற்கு வேண்டியது அந்தப் பகுதிக்குள் ஆட்கள் நகர்வதுதான். ஆஸ்திரேலியாவின் பிராந்தியங்கள் இந்தத் திட்டத்திலிருந்து எதிர்பார்க்கும் பலனும் அதுவே. 494 அதைத்தான் தடுக்கிறது.

494 விசா பெற்றவர் தன்னை முன்மொழிந்த நிறுவனத்தில், முன்மொழிந்த தொழிலில் மட்டுமே வேலை செய்யலாம். அவர் விலகினாலோ விலக்கப்பட்டாலோ 28 நாட்களுக்குள் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறொரு முதலாளி புதிதாக முன்மொழிந்து, அது ஏற்கப்பட்டால்தான் அவர் மாற முடியும். 2024 ஜூலை 1 முதல் இதற்கான அவகாசம் 180 நாட்களாக உயர்ந்திருக்கிறது. அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. நல்ல திருத்தம், மறுக்க வேண்டியதில்லை. தொழிலாளரை மிரட்டிச் சுரண்டும் முதலாளிகளுக்கான தண்டனைகளையும் அதே நாளில் அந்த நாடு கடுமையாக்கியது. ஆனாலும் தராசு சாய்ந்தே இருக்கிறது. சிறிய ஊரில் அதே தொழிலில் முன்மொழியத் தகுதியும் விருப்பமும் உள்ள இரண்டாவது முதலாளி இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஓவர்டைம் கூலியைக் கேட்கலாமா, பாதுகாப்பில்லாத இயந்திரத்தைப் பற்றிப் புகார் செய்யலாமா என்று யோசிக்கும் ஒரு வெல்டரின் மனதில் கூலிக் கணக்கோடு கூடவே மனைவி, பிள்ளைகளின் விசாவும் ஊரில் அடகு வைத்த நகையும் வந்து நிற்கும். அவர் வாயை மூடிக்கொள்வதற்கு முதலாளி கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

யார் எந்த வாசலில் நுழைகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 491-க்கு மதிப்பெண் முறை உண்டு; 65 இருந்தால்தான் வரிசையில் நிற்கவே முடியும், அழைப்பு பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளவர்களுக்குத்தான். 31 வயதுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பொறியியல் பட்டதாரி, மற்றவர் ஐடிஐ முடித்த ஃபிட்டர். இருவருக்கும் எட்டு ஆண்டு அனுபவம் முழுமையாக ஏற்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், வயதுக்கு 30, அனுபவத்துக்கு 15, பிராந்திய முன்மொழிவுக்கு 15 என்று இருவரும் சமம். படிப்புக்குப் பட்டதாரிக்கு 15, ஃபிட்டருக்கு 10. ஆங்கிலத் தேர்வில் உச்ச நிலை எட்டினால் 20. தேவையான குறைந்தபட்சத்தை மட்டும் எட்டினால் பூஜ்யம். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த பொறியாளர் 95-ல் நிற்க, அரசுப் பள்ளியிலிருந்து ஐடிஐக்குப் போன ஃபிட்டர் 70-ல் நிற்பார். இடைவெளி 25, அதில் 20 ஆங்கிலத்தின் பங்கு. இயந்திரத்தின் மீதுள்ள கைத்திறனுக்கு இந்தக் கணக்கில் தனி மதிப்பெண் இல்லை. அதனால் ஃபிட்டருக்கு எஞ்சுவது மதிப்பெண் கேட்காத முதலாளி வாசல்தான். அதாவது சந்தையில் பேரம் பேசும் வலு ஏற்கெனவே உள்ளவருக்குத் தளர்ந்த கட்டு. வலுக் குறைந்தவருக்கு இறுகிய கட்டு. யாரும் இப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். விளைவு என்னவோ இதுதான்.

முதலாளியோடு கட்டுவதால் நேரும் கேட்டுக்குத் தமிழர்களுக்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. கடன் தீர்ந்தது அல்லது இவ்வளவு பாக்கி என்று பழைய தோட்டம் எழுதித் தரும் துண்டு இல்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அது 1921-ல் ஒழிக்கப்பட்டது. ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் உள்ள இன்றைய ஆஸ்திரேலிய வேலையை அந்தக் கொடுமைக்குச் சமமாக வைப்பது அநியாயம். நான் அப்படிச் சொல்லவில்லை. போக ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்ற ஒரே அம்சம் மட்டும் தொடர்கிறது, அது எந்தக் காலத்திலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது. அண்மைச் சான்று வேண்டுமானால் பிரிட்டன் இருக்கிறது. 2022 ஜூலை முதல் 2024 இறுதிவரை முதியோர் பராமரிப்புத் துறையில் 470-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அந்த நாட்டு அரசு ரத்து செய்தது. அவற்றைச் சார்ந்திருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 39,000-க்கு மேல். தப்புச் செய்தவர் முதலாளி, புது ஸ்பான்சரைத் தேடி அலைந்தவர் தொழிலாளி. ஜப்பானோ 1993 முதல் நடத்திவந்த பயிற்சியாளர் திட்டத்தையே கைவிடுகிறது. முதலாளியை மாற்ற முடியாததால் தப்பி ஓடுவதே பலருக்கு வழியாயிற்று. 2023-ல் மட்டும் 9,700-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனதாக அரசுக் கணக்கே சொன்னது. 2024 ஜூனில் நிறைவேறிய சட்டப்படி 2027 ஏப்ரலில் வரவிருக்கும் புதிய திட்டத்தில், ஓரிரு ஆண்டு கழித்து அதே துறைக்குள் நிறுவனம் மாறலாம்.

இதற்கு முதலாளிகள் தரப்பில் ஒரு பதில் உண்டு. அது அற்பமானது அல்ல. வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவர அவர்கள் செலவு செய்கிறார்கள். 494-க்கான பயிற்சி நிதி வரியே சிறு நிறுவனத்துக்கு 3,000 டாலர், பெரிய நிறுவனத்துக்கு 5,000. இதைத் தொழிலாளியிடமிருந்து வசூலிக்கச் சட்டம் அனுமதிக்காது. ஆறாம் மாதமே அவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டால் யார் இனி முன்மொழிவார்? நம் உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பணி பாண்டைச் செல்லும் என்றுதானே சொன்னது? ஆம், சொன்னது. ஆனால் அங்கே விலகுபவர் இழப்பது 2 லட்சம் ரூபாய். கட்டிவிட்டு மறுநாள் வேறு வங்கியில் சேரலாம். அவர் பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறாது, தேசம் மாறாது. பண நட்டத்துக்குப் பணத்தால் ஈடு கேட்பது நியாயம். வசிக்கும் உரிமையை ஈடாக வைப்பது அளவு மீறியது. முன்கூட்டி மொத்தமாக வாங்கும் அந்த வரியை, எந்த ஆண்டு யாரிடம் அவர் வேலை செய்கிறாரோ அவரிடம் ஆண்டுதோறும் வாங்கினால், முதல் முதலாளியின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கட்டை அவிழ்த்தால் எல்லாரும் பெருநகரத்துக்கு ஓடிவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். கனடா அதைச் சோதித்துப் பார்த்த நாடு. 1998 முதல் அங்கே மாகாணங்கள் முன்மொழிந்து ஆட்களை எடுக்கின்றன. வருபவர் நிரந்தர உரிமையோடு இறங்குகிறார், எங்கும் போகும் உரிமையை அரசியல் சாசனமே அவருக்குத் தருகிறது. அட்லாண்டிக் கரையோர மாகாணங்கள் அப்படி வந்தவர்களில் பலரை ஒன்டாரியோவுக்கு இழந்தன என்பது உண்மை. ஆனால் இது ஊரோடு கட்டும் விதிக்கு ஆதரவான சான்றே தவிர, முதலாளியோடு கட்டும் விதிக்கு அல்ல. ஊர்க் கட்டு இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அதற்கு மேல் ஆளைத் தங்க வைப்பது ஊரின் வேலை. குயின்ஸ்லாந்தின் பிலோயெலா அதைக் காட்டிவிட்டது. அங்கே வாழ்ந்த ஈழத் தமிழ் அகதிக் குடும்பமான நடேஸ், பிரியா இணையரையும் இரு பெண் குழந்தைகளையும் 2018 மார்ச்சில் அரசு தூக்கிச் சென்றபோது, அவர்களைத் திரும்பக் கேட்டு நான்கு ஆண்டு போராடியது அந்தச் சிற்றூர். 2022 ஜூனில் ஊர் திரும்பிய குடும்பத்துக்கு ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அது திறமைக் குடியேற்றம் அல்ல, வேறு கதை. ஆனாலும் கான்பெராவின் விதியை விட ஊராரின் விருப்பம் பலமான பிடிப்பாக இருந்ததை அந்தக் குடும்பம் அறியும்.

அம்பத்தூர்ச் சிறுதொழில் முதலாளிகள் வேறொரு கேள்வி கேட்கக்கூடும். இங்கேயே நல்ல டூல் மேக்கர் கிடைக்காமல் திண்டாடும்போது, போகிறவர்களுக்கு வழியை இன்னும் அகலமாக்கச் சொல்வதா? நியாயமான கவலை. ஆனால் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவரையும் ஒப்பந்தத் தொழிலாளியாகவே வைத்திருந்துவிட்டு, அவர் போவதை மட்டும் இழப்பு என்று சொல்ல முடியாது. வெளியே போவதற்கான கதவை இறுக்கினால் உள்ளே ஊதியம் உயராது. போனவர் முதலாளிக்கு அஞ்சி வாழாமல், விரும்பிய பட்டறையில் புதிய இயந்திரங்களைக் கற்றுக்கொண்டு வாழ்ந்தால், முதலீடாகவோ அறிவாகவோ ஏதாவது திரும்பி வரும் வாய்ப்பாவது இருக்கிறது.

இந்தியாவுக்கு இதைப் பேச இடமும் இருக்கிறது. 2023 மே 23-ல் கையெழுத்தான குடிப்பெயர்வு ஏற்பாட்டின்கீழ் 'மேட்ஸ்' என்ற திட்டம் வந்தது. ஆண்டுக்கு 3,000 இந்திய இளம் பட்டதாரிகள் இரண்டு ஆண்டு ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கலாம். எந்த முதலாளியின் முன்மொழிவும் தேவையில்லை. ஆனால் நாட்டின் தரவரிசையில் முதல் நூறு இடங்களில் உள்ள கல்வி நிறுவனங்களில் படித்திருக்க வேண்டும். கட்டில்லாத விசா சாத்தியம் என்பதற்கு இதுவே சான்று. ஐடிஐ படித்தவருக்கு அது எட்டாது என்பதற்கும் இதுவே சான்று. அந்தச் சலுகையைத் தொழிற்பிரிவுகளுக்கும் விரிக்கக் கேட்பது புதிதாக எதையும் கண்டுபிடிப்பது அல்ல. 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்திவரும் தமிழ்நாடு அரசுக்கு, எத்தனை பேரை அனுப்பினோம் என்ற கணக்கோடு என்ன நிபந்தனையில் அனுப்பினோம் என்பதையும் கேட்கும் தகுதி உண்டு. வேலை எந்த விசாவில், முதலாளியை மாற்ற என்ன வழி, வேலை போனால் எத்தனை நாள் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்காமல் ஒருவரையும் விமானம் ஏற்றக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து விசா ஆலோசனை சொல்பவர் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும்; சென்னையில் உட்கார்ந்து சொல்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் இது இன்னும் அவசியம்.

டெல்லியின் வழியாகக் கான்பெராவிடம் வைக்க வேண்டிய கோரிக்கையும் சிறியதுதான். 494 விசாவில் முதல் ஓராண்டு முன்மொழிந்த முதலாளியிடம் வேலை. அதன்பின் அதே பிராந்திய எல்லைக்குள், அதே தொழிலில், புதிய முன்மொழிவு இல்லாமலே யாரிடமும் வேலை. மூன்று ஆண்டுக் கணக்கு இடையறாமல் ஓட வேண்டும். ஜப்பானே ஏறத்தாழ இந்த அளவுக்கு இறங்கி வந்துவிட்டது. ஆண்டுக்கு 33,000 பிராந்திய விசா என்று 2024-25-க்குத் திட்டமிட்ட நாட்டிடம் இதைக் கேட்க இந்தியா தயங்க வேண்டியதில்லை.