பாதி வீட்டில் ஒரு படம்!

“மதுரையா? அரிவாள் ஊராச்சே!” சினிமா பார்த்துவிட்டு இப்படிக் கேட்பவர்களிடம் ஆரப்பாளையத்துக்காரர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. கனடாவின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களுக்கும் இதே கதைதான்.

1922-ல் ராபர்ட் ஃபிளாஹெர்டி எடுத்த மௌனப் படம் ‘நானூக் ஆஃப் தி நார்த்’. உலகமே கொண்டாடிய ஆவணப்படம். ஆனால், நாயகனின் நிஜப் பெயர் நானூக் அல்ல, அல்லகரியாலக்! துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், ஈட்டியோடு வேட்டைக்குப் போகவைத்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை. அதனால் ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டி, அதில் குடும்பமே தூங்கி எழுவதுபோல் நடித்தது.

‘நவீனம் அறியாதவர்கள்’ என்று படம் காட்டிய அதே மக்கள்தான், ஃபிளாஹெர்டியின் கேமராவைப் பராமரிக்கவும் ஃபிலிம் கழுவவும் கைகொடுத்தார்கள். அந்தத் திறமை மட்டும் படத்தில் இல்லை!