இணைப்பு அறுந்தால் தோல்வியா?



அனைத்துலக இணையவழிச் சதுரங்கக் குழுப்போட்டி நடத்துவது இன்று மிக எளிதாகிவிட்டது. ஒரு சுட்டி, ஒரு புலனக் குழு, ஒரு வண்ணச் சுவரொட்டி போதும். மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு, இலங்கை என நான்கு கொடிகளைப் பதித்துவிட்டால் போட்டி அனைத்துலகப் போட்டி ஆகிவிடுகிறது. முயற்சியை வரவேற்கிறேன். ஆனால், என் பார்வைக்கு வரும் விதித்தாள்களில் பெரும்பாலும் இடம்பெறும் ஒரு வரியை வன்மையாக எதிர்க்கிறேன்.

'இணைய இணைப்புக்கு விளையாட்டாளரே முழுப் பொறுப்பு. இணைப்பு அறுந்தால் ஆட்டம் தோல்வியாகக் கருதப்படும்.'

கேட்பதற்கு நடுநிலையான விதிதான். எல்லாருக்கும் பொதுவான விதிதானே என்பார்கள். ஆனால், வீட்டில் ஒளியிழை இணைப்பும் தனிக் கணினியும் உள்ள பிள்ளையை இவ்விதி தீண்டவே தீண்டாது. தந்தையின் கைப்பேசியை இரவல் வாங்கி, தோட்டப்புற வீட்டின் வாசற்படியில் அமர்ந்து ஆடும் பிள்ளையைத்தான் தீண்டும். 2020ஆம் ஆண்டில் சபா மாநிலத்தில் ஒரு மாணவி இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் ஏறி அமர்ந்து தேர்வு எழுதியதை நாடே கண்டது. அந்த நாட்டில் இருந்துகொண்டு, 'இணைப்பு உன் பொறுப்பு' என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

உலகத்தின் உச்சியிலேயே இவ்விதி தடுமாறியது!

பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய 'ஃபிடே' முதன்முறையாக இணையவழி ஒலிம்பியாட் நடத்தியது. அணிக்கு ஆறு பலகைகள். ஆடவர் இருவர், மகளிர் இருவர், இருபது வயதுக்குட்பட்ட ஆண் ஒருவர், பெண் ஒருவர். காலிறுதியில் இந்தியாவை எதிர்த்து ஆடிய ஆர்மேனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்தது. ஆட்டம் தோல்வியாயிற்று. மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆர்மேனிய அணி போட்டியிலிருந்தே வெளியேறியது.

ஆகஸ்டு 30ஆம் நாள் இறுதியாட்டம். இந்தியாவும் இரசியாவும் மோதின. முதற்சுற்று 3-3 எனச் சமனில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் உலகளாவிய இணையத் தடங்கல் ஏற்பட்டு, நிகால் சரின், திவ்யா தேஷ்முக் என்னும் இரு இந்திய இளைஞர்களின் இணைப்பு அறுந்தது. இரண்டும் தோல்வி. இந்தியா மேல்முறையீடு செய்தது. முடிவில், கூட்டமைப்பின் தலைவர் இரு அணிகளுக்கும் தங்கம் என அறிவித்தார்.

விதி ஒன்று, முடிவு இரண்டு! இரண்டு நிகழ்வுகளுக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒன்று ஒரு வீரரின் பக்கத்துக் கோளாறு எனப்பட்டது. மற்றொன்று உலகறிந்த தடங்கல். எனினும், நீதி விதித்தாளிலிருந்து பிறக்கவில்லை. தலைவரின் தீர்மானத்திலிருந்து பிறந்தது என்பதே இங்குப் பாடம். அந்த அணியில் விசுவநாதன் ஆனந்த் இருந்தார். ஒரு நாடே குரல் கொடுத்தது. நம் தோட்டப்புற மாணவனுக்காக மேல்முறையீடு எழுதப் போவது யார்?

'இதைத் தளர்த்தினால், தோற்கும் நிலையில் உள்ளவன் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டிப்பானே!' என்று ஏற்பாட்டாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, எல்லாப் பிள்ளைகளையும் ஏமாற்றுக்காரர்களாகக் கருதுவதா? இரண்டு புகைப்படக் கருவிகளைப் பொருத்தி ஆடு என்று ஆணையிடுவதா? நேரலைக் காணொளி, இருக்கின்ற தரவையும் குடித்துவிடும். ஏமாற்றைத் தடுக்கப் போட்ட வேலி, ஏழையைத் தடுக்கும் வேலியாகிவிடுகிறது.

நல்ல வழி ஏற்கனவே உள்ளது. விளையாட்டாளர்கள் தத்தம் ஊரில் ஓரிடத்தில் கூடி, நடுவரின் கண்முன்னே அமர்ந்து, கணினி வழியாக எதிரணியுடன் ஆடும் கலப்பு முறை அது. 2021ஆம் ஆண்டில் உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிப் போட்டி இம்முறையில்தான் நடந்தது. நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அருகருகே உள்ள பள்ளிகள், கணினி அறையும் நிலையான இணைப்பும் உள்ள ஒரு பள்ளியில் கூடினால் போதாதா?

எனவே, போட்டி நடத்த முன்வருவோரிடம் நான் வேண்டுவன இவை:

1. பிள்ளைகள் வீட்டிலிருந்து அல்ல, பள்ளியிலிருந்து ஆடட்டும். மேற்பார்வைக்கு வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். மாற்று இணைப்பாக ஒரு கைப்பேசி ஆயத்தமாக இருக்கட்டும்.

2. இணைப்பு அறுந்ததை அந்த ஆசிரியர் உறுதிப்படுத்தினால், அதே காய்நிலையிலிருந்து, எஞ்சிய நேரத்தோடு ஆட்டம் தொடரட்டும். 'லிச்செஸ்' போன்ற இலவசத் தளத்தில், வேண்டிய காய்நிலையை அமைத்து ஆட்டத்தைத் தொடங்க வழி இருக்கிறது. இவ்விதி முதல் நகர்த்தலுக்கு முன்பே எழுதப்பட வேண்டும்.

3. ஏற்பாட்டாளருக்கு எளிது என்பதற்காக, யார் வேண்டுமானாலும் புகுந்து புள்ளி குவிக்கும் 'அரீனா' முறையைக் குழுப்போட்டி என்று அழைக்காதீர்கள். அதில் நூறு பேரை இறக்கும் பெரிய பள்ளியின் முன்னணிப் புள்ளிகளும், ஆறு பேரே உள்ள சிறிய பள்ளியின் புள்ளிகளும் ஒரே தராசில் நிற்கும். அணிக்கு நான்கு பலகை, பலகைக்குப் பலகை ஆட்டம், இருவர் கட்டாயம் பெண்பிள்ளைகள். அதுவே குழுப்போட்டி.

4. நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. இங்குப் பிற்பகல் மூன்று மணி, சென்னையில் நண்பகல் பன்னிரண்டரை. இரவு பத்து மணிக்கு இறுதிச்சுற்று வைத்து, உறங்கி விழும் பிள்ளையை ஆடச் சொல்லாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். எதிராளியின் தொடர்பு அறுந்தால், அத்தளம் உங்கள் பிள்ளையிடம் மூன்று வழிகளைக் காட்டும்: வெற்றியைக் கோரலாம், சமன் என அறிவிக்கலாம், காத்திருக்கலாம். அந்த நொடியில் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று, 'அழுத்து, அழுத்து! வெற்றி நமக்கு!' என்று கூவாதீர்கள். காத்திருக்கச் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 12ஆம் நாள், நம் அண்டை நாடான சிங்கப்பூரில், சென்னையின் குகேசு பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். அன்றுமுதல் நம் பிள்ளைகளின் கண்களில் ஒரு கனவு குடியேறியிருக்கிறது. அக்கனவு நல்லதோர் எதிராளியிடம் தோற்றால் குற்றமில்லை, தோல்வியும் கல்விதான். வலுவிழந்த அலைவரிசையிடம் அது தோற்குமாயின், குற்றம் பிள்ளையுடையதன்று. அந்த விதியை எழுதியவர்களுடையது, எழுதியதைக் கேள்வி கேட்காமல் கையொப்பமிட்ட நம்முடையது.

அடுத்த விதித்தாள் உங்கள் பள்ளிக்கு வரும்போது, பரிசுத் தொகையைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருந்தால், திருப்பி அனுப்புங்கள்!