லாயத்தில் விளைந்த கோதுமை

சேனைகளின் பலத்தைச் சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம், இத்தனை ஆயிரம் குதிரைகள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த யுத்தத்துக்குப் போய்விடுவது சரித்திர ஆசிரியர்களின் வழக்கம். அந்தக் குதிரைகள் எந்தப் புல்வெளியில் பிறந்தன, அவற்றுக்குக் கொள் வேகவைத்தவர் யார், முதன்முதலாக முதுகில் சேணம் ஏறிய அன்று அவை எத்தனை பேரை உதறித் தள்ளின என்பதையெல்லாம் அறிய விரும்பும் என் போன்ற வாசகருக்கோ, போர்க்கள வர்ணனையைக் காட்டிலும் லாயத்துக் கணக்குப் புத்தகமே ருசிகரமாக இருக்கிறது. அப்படிப்பட்ட லாயம் ஒன்றின் கதையை, அதுவும் எடுத்த காரியத்தில் தோற்றுப்போன ஒரு லாயத்தின் கதையை, இந்த வாரம் சொல்ல உத்தேசம்.

நம் தேசத்து அரசர்களுக்கு யானை காட்டிலிருந்து கிடைத்தது. குதிரையோ கடல் வழியாகவும் கணவாய் வழியாகவும் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு தேசத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்குவதையும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமையால் வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்துபோவதையும், மறு வருஷம் அதே வியாபாரம் மறுபடி தொடங்குவதையும் வியப்போடு குறித்துவைத்தார். பின்வந்த விஜயநகரத்து ராயர்களும் இதே குதிரைக்காகப் போர்த்துகீசியரின் தயவை நாட வேண்டியிருந்தது. கஜானாவைக் காலி செய்த இந்தக் குதிரைப் பசி, கிழக்கிந்தியக் கும்பெனியார் துப்பாக்கியும் துலாக்கோலும் ஏந்தி ராஜ்யம் ஆளத் தொடங்கியபோது, அவர்களையும் விடாமல் பற்றிக்கொண்டது.

வடமேற்குக் கணவாய்களின் வழியே வியாபாரிகள் ஓட்டிவரும் குதிரைகளை நம்பி ஒரு ராணுவத்தை நடத்துவது எந்நாளும் ஆபத்து என்று உணர்ந்த கும்பெனியார், வாங்குவதை விட்டு வளர்த்துக்கொள்வது என்று தீர்மானித்து, 1790களில் பீகாரின் திருஹூத் பிரதேசத்தில், புடீ கண்டக் நதிக்கரையில் உள்ள பூசா என்ற கிராமத்தில், வில்லியம் பிரேசர் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் குதிரைப் பண்ணை ஒன்றை ஸ்தாபித்தார்கள். பண்ணையின் வேலிக்குள் மட்டுமே குதிரை பிறக்க வேண்டும் என்ற நியமம் அங்கே இருக்கவில்லை. கும்பெனிக்குச் சொந்தமான பெட்டைக் குதிரைகளைச் சுற்றுவட்டாரத்து ஜமீன்தார்களிடமும் குடியானவர்களிடமும் ஒப்படைத்து, பண்ணையின் பொலிகுதிரைகளைக் கொண்டு அவற்றைச் சினைப்படுத்தி, பிறக்கும் குட்டியை நிர்ணயித்த விலைக்குக் கும்பெனிக்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் உடன் நடந்தது. அவ்வாறு கிடைத்த குட்டிகள் பக்ஸர், காஜிப்பூர் முதலிய கிளை லாயங்களில் வளர்ந்து, பிராயம் வந்ததும் குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிக்கும் பிரித்து அனுப்பப்பட்டன.

இந்தப் பண்ணைக்கு 1808ஆம் வருஷம் மேலதிகாரியாக வந்து சேர்ந்தவர் வில்லியம் மூர்கிராப்ட். லங்காஷயரில் பிறந்து, மனிதருக்கு வைத்தியம் செய்யும் படிப்பைத் தொடங்கிய இவர், பாதியில் மனம் மாறி, பிரான்ஸ் தேசம் புரட்சியில் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் லியோன் நகரத்துக் கால்நடை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து பயின்று, அந்தச் சாஸ்திரத்தை முறையாகக் கற்றுத் தேறிய முதல் ஆங்கிலேயர் என்ற பெயரைப் பெற்றார். லண்டனில் செழிப்பாக வைத்தியம் நடத்தி, லாடத்தை இயந்திரத்தில் செய்யும் திட்டம் ஒன்றில் பணத்தை இழந்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர். பூசாவில் அவர் முதலில் கவனித்தது தீனியையும் நோயையுமே. குதிரைகளுக்கென்று ஓட்ஸ் தானியத்தைப் பெரிய அளவில் சாகுபடி செய்வித்தார். நல்ல குதிரைக்கு அடிப்படை நல்ல புல், நல்ல புல்லுக்கு அடிப்படை நல்ல நிலம் என்ற எளிய உண்மையை, சேனாதிபதிகள் எவரும் சொல்லாத காலத்தில், அந்த வைத்தியர் காரியமாகவே செய்து காட்டினார் என்று சொல்ல வேண்டும்.

ஆயினும் பொலிகுதிரைகளின் ஜாதி அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. மத்திய ஆசியாவின் துருக்மான் குதிரையைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் பண்ணை உருப்படும் என்ற எண்ணம் ஒரு வைராக்கியமாகவே அவருள் வளர்ந்தது. 1812இல் ஹியர்சே என்ற துணைவரோடு கோசாயி வேஷம் தரித்து, மாயாபுரி என்று பெயரும் வைத்துக்கொண்டு, இமயத்தைத் தாண்டி மானசரோவர் வரை சென்றார். அங்கே தேடிய குதிரை கிடைக்கவில்லை. சால்வைக்கு உதவும் ரோமமுடைய ஆடுகளோடு திரும்பும் வழியில் நேபாளத்தாரிடம் சிறைப்பட்டு மீண்டார். மேலதிகாரிகளின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் 1819இல் மறுபடி புறப்பட்டு, லடாக்கிலும் காஷ்மீரிலும் காபூலிலும் காலம் கழித்து, 1825ஆம் வருஷத் தொடக்கத்தில் புகாரா நகரை அடைந்தபோது, தாம் கனவு கண்ட குதிரைச் சந்தை அங்கே இல்லாதது கண்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திரும்பும் பாதையில், அந்த்கூய் என்ற ஊரில் ஜுரம் கண்டு இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வில்சன் என்ற சமஸ்கிருத பண்டிதர் தொகுத்து 1841இல் வெளியிட்டார். குதிரைக்காகப் புறப்பட்டவரின் எழுத்தில், லடாக்கின் வியாபாரமும் காஷ்மீரத்துச் சால்வைத் தறியும் மலைநாட்டுத் தீவனப் பயிர்களும் இடம்பெற்ற அளவுக்குக் குதிரை இடம்பெறவில்லை என்பது ஒரு வேடிக்கை.

பூசாவின் குதிரை முயற்சி அதற்குப் பின் ஐம்பது வருஷ காலம் நடந்ததாயினும், கங்கைச் சமவெளியின் ஈரமும் வெக்கையும் உயர்ஜாதிக் குதிரைக்கு ஒத்துவராமல் போக, வளர்ப்புச் செலவும் ஏறிக்கொண்டே போக, 1870களில் சர்க்கார் அதை மூடிவிட்டார்கள். அதற்குள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த வேலர் குதிரைகள் ராணுவத்தின் தேவையை ஏற்றுக்கொண்டிருந்தன. இந்த வியாபாரத்தில் நம் சென்னைக் கடற்கரைக்கும் பங்கு உண்டு. துறைமுகம் கட்டப்படாத அந்நாளில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகள் சென்னையில் கரையேறும் காட்சியை, கட்டுமரங்களோடும் மசூலாப் படகோடும் சேர்த்து, ஜே.பி. ஈஸ்ட் என்ற ஓவியர் 1834இல் சித்திரமாக வரைந்திருக்கிறார்.

சென்னை ராஜதானியின் சேனைக்கு வேண்டிய குதிரைகள், ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் குளிர்ந்த காற்று வீசும் ஓசூருக்கு அருகே மத்திகிரியில், 1820களில் ஏற்பட்ட லாயத்தில் பக்குவப்பட்டன. ரிமவுண்ட் டிப்போ என்று ராணுவத்தார் வழங்கிய இத்தகைய இடங்களின் வேலை பொறுமையை மிகவும் சோதிப்பது. கப்பல் பிரயாணத்தில் எலும்பும் தோலுமாகிப்போன குதிரையை முதலில் தனியே கட்டி, தொற்றுநோய் உண்டா என்று பார்ப்பார்கள். உடம்பு தேறியபின், நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு, கடிவாளத்துக்கு வாயையும் சேணத்துக்கு முதுகையும் சிறுகச் சிறுகப் பழக்கி, அதன்பின்னரே மனிதனை ஏற்றுவார்கள். வடக்கே கொண்டைக்கடலை தின்ற குதிரை, தெற்கே வேகவைத்த கொள்ளைத் தின்றது. அவிப்பதற்கும், தேய்ப்பதற்கும், புல் அறுத்துச் சுமந்து வருவதற்கும் குதிரைக்காரர்களும் புல்லுக்காரர்களும் ஒரு பட்டாளமாகவே இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை எந்தச் சரித்திரமும் எழுதிவைக்கவில்லை.

குதிரை வளர்ப்பை நிலத்தோடு பிணைக்கும் யுக்தியைச் சர்க்கார் முற்றாகக் கைவிட்டுவிடவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபில் ஜீலம் நதிக் கால்வாய் வெட்டிப் புதுநிலம் பாசனத்துக்கு வந்தபோது, ராணுவத்துக்கெனப் பெட்டைக் குதிரை ஒன்றை வளர்க்கச் சம்மதிப்பவனுக்கே நிலம் என்று நிபந்தனை விதித்தார்கள். நுகத்தில் கட்டிய எருதுக்கு மட்டும் தீனி போட்டு வந்த குடியானவன், உழவுக்கு உதவாத குதிரை ஒன்றையும் போஷிக்க வேண்டியதாயிற்று. மற்றொரு புறம், ராணுவ மிருகங்களைக் காப்பாற்ற வேண்டிய நிர்ப்பந்தம் சாஸ்திரத்தையே முன்னே தள்ளியது. குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்று குவித்த ‘சர்ரா’ என்ற நோய்க்கு, இரத்தத்தில் வாழும் நுண்ணிய ஜந்துவே காரணம் என்று 1880இல் கிரிபித் எவன்ஸ் கண்டது, ராணுவக் கால்நடை வைத்தியராக வடமேற்கு எல்லையில் பணியாற்றியபோதுதான்.

இனி, மூடிய பூசாவுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். குதிரைகள் போன பிறகு அந்த நிலத்தில் சில காலம் ஒரு கம்பெனி புகையிலை பயிரிட்டது, அதுவும் நிலைக்கவில்லை. ஆனால் எஸ்டேட் துண்டுபட்டு விலைபோகாமல் சர்க்கார் வசமே முழுமையாகக் கிடந்தது. அப்போது அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ், பொது நன்மைக்கென்று 30,000 பவுனை வைஸ்ராய் கர்ஸன் பிரபுவிடம் கொடுத்தார். அந்தத் தொகையில் ஒரு பங்கு குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஏற்பட உதவியது. பெரும்பங்கு பூசாவுக்குச் சென்றது. 1905ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி, பழைய குதிரைப் பண்ணையின் நிலத்தில் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குக் கர்ஸன் அஸ்திவாரக் கல் நாட்டினார். அங்கே ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் நம் நாட்டுக் கோதுமைகளை வகை பிரித்து, பூசா 4, பூசா 12 என்ற பெயர்களில் உயர்ந்த ரகங்களைத் தந்தார்கள். நல்ல மண்ணில் விளைந்த தீவனம் தின்ற தம்முடைய எருதுகள், வேலிக்கு அப்பால் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கை உரசிய பின்னும் நோய்வாய்ப்படவில்லை என்று ஹோவர்டு பிற்காலத்தில் எழுதினார். மூர்கிராப்ட் குதிரையிடம் கண்ட பாடத்தை, நூறு வருஷம் கழித்து அதே ஊரில், மாட்டிடம் கண்டிருக்கிறார் இன்னொரு ஆங்கிலேயர்.

1934ஆம் வருஷம் ஜனவரி 15ஆம் தேதி பீகாரை உலுக்கிய பூகம்பத்தில் நிலையத்தின் கட்டடங்கள் சிதைந்தன. 1936இல் அந்த ஸ்தாபனம் டில்லிக்குப் பெயர்ந்தபோது, பூசா என்ற பெயரும் கூடவே பெயர்ந்துபோய், தலைநகரின் ஒரு பகுதிக்கு நிலைத்துவிட்டது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1960களில் அந்த நிலையத்தின் தலைவராக அமர்ந்து, குட்டைக் கோதுமையை வட இந்திய வயல்களுக்குக் கொண்டுசேர்த்த வரலாறு நம்மவர் எல்லோருக்கும் தெரியும். மத்திகிரியிலும் கதை இதே போக்கில்தான் நடந்தது. குதிரை விலகிய இடத்தில் மாட்டுப் பண்ணை அமைந்தது. அங்கே அதிகாரியாக இருந்த லிட்டில்வுட், காங்கேயம் முதலிய தென்னிந்தியக் கால்நடை இனங்களைப் பற்றி 1936இல் எழுதிய புஸ்தகம் இன்றும் ஆதார நூலாக நிற்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். கும்பெனியின் பண்ணையை ஆரம்ப உத்தேசத்தைக் கொண்டு எடைபோட்டால், எண்பது வருஷ நஷ்டக் கணக்கு என்றே முடிக்க வேண்டியிருக்கும். அந்த நஷ்டத்தையும் மிஞ்சி நின்றவை இரண்டு: பிராணியையும் பயிரையும் உற்றுப் பார்க்கும் ஒரு பழக்கம், கூறுபோடாமல் காக்கப்பட்ட ஒரு பெருநிலம். பழக்கத்தைக் கல்லூரி வைத்து மறுபடி உண்டாக்கிவிடலாம்; சிதறிய நிலத்தை எந்தச் சர்க்காராலும் மறுபடி சேர்க்க முடியாது. மத்திகிரிப் பண்ணை 1,600 ஏக்கருக்கு மேற்பட்டது. அதைச் சுற்றிலும் ஓசூர் இன்று தொழிற்சாலைகளின் நகரமாகிவிட்டது. ஏக்கரின் விலையோ மாட்டின் விலையைப் பரிகசிக்கிறது. இப்படிப்பட்ட நிலங்களைப் பார்த்து, இங்கே என்ன பெரிதாக நடக்கிறது என்று கேட்கும் குரல் எந்நாளும் இருக்கும். 1870களில் பூசாவைப் பார்த்தும் அவ்விதம் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு அப்போது எவரிடமும் பதில் இருந்திருக்க முடியாது. பதில் இல்லாத காலத்திலும் நிலத்தை விற்காமல் வைத்திருந்ததே சர்க்கார் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். அதற்கு அவர்கள் யோசனையே செய்திருக்கவில்லை என்றாலும், நாம் யோசித்துச் செய்யலாம்.