குஷனைக் கழற்றினால் திருகாணி தெரியுமா?

திருவிழாக் காலத்தில் ஜவ்வாது மலையில் மைக் செட்காரருக்கு ஓய்வே கிடையாது. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் வண்டியேறி வந்துவிடும். கூம்புக் குழாயைக் காவல்துறை அவ்வப்போது பறிமுதல் செய்வதும் அடுத்த திருவிழாவுக்கு அது திரும்ப மரத்தில் ஏறுவதும் தனிக் கதை. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் வாசலில், பந்தல் காலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒருவர் குழாயின் பின்பக்க யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மன் பாட்டு கரகரவென்று வந்து, பிறகு நின்றே போயிருந்தது.

திருகாணிகளைச் சுற்றி எடுத்ததும் மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே கிண்ணம் மாதிரி டயாபிரம், அதன் விளிம்பில் சுற்றிய கம்பிச்சுருளான காயில் கருகிக் கிடந்தது. காந்தத்தின் வளைய இடுக்கில் செலோ டேப்பை விட்டு ஒற்றி ஒற்றி இரும்புத் தூளை எடுத்தார். பையிலிருந்து புது டயாபிரம் வந்தது. "ஒண்ணுமில்ல சார், காயில் போயிடுச்சி. மாத்துனா பாடும்" என்றார். பாடியது. வேப்பிலைக்காரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அப்போது என் வீட்டு மேசையில் இடது காது ஊமையான ஹெட்போன் ஒன்று கிடந்தது. சர்வீஸ் சென்டரில் காட்டியிருந்தேன். திறக்கிற வழக்கமே இல்லையாம், ஸ்பேரும் வராதாம், தள்ளுபடியில் புதிது தருகிறார்களாம். மரத்தடியில் நடக்கிற வேலை கண்ணாடிக் கதவு போட்ட குளிர்சாதன அறைக்குள் ஏன் நடக்காது என்ற எரிச்சலில்தான் நானே இறங்கினேன்.

ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர் அந்தக் குழாய் யூனிட்டின் குட்டித் தம்பி. மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதில் ஒட்டிய காயில், நடுவே காந்தம், அவ்வளவுதான். காதை மூடும் ரகங்களில் பெரும்பாலும் 40 அல்லது 50 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். செல்போனில் போட்டுக் கேட்க 32 ஓம் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் ஜோடியாக எடுத்து நீட்டுவார்கள். இடது மட்டும்தானே போயிற்று, ஒன்று போதும் என்று சிக்கனம் பார்க்கக் கூடாது. பழையதும் புதியதும் ஒரே சத்தத்தில் பாடாது. மூன்று டெசிபல் ஏறி இறங்கினாலே நடு நெற்றியில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு காதுப் பக்கம் சாய்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் மாற்றுவதுதான் சரி.

வேலையில் பொறுமை வேண்டிய இடம் பற்றவைப்பு. ஹெட்போன் வயருக்குள் இருப்பவை மயிரிழைக் கம்பிகள், ஒவ்வொன்றின் மேலும் வார்னிஷ் பூச்சு. சுரண்டினால் கம்பியே அறுந்துவிடும். பற்றவைப்புக் கோலின் சூடான முனையில் ஈயத்தை உருக்கி, அதற்குள் கம்பி நுனியை முக்கிப் பிடித்தால் பூச்சு புகைந்து விலகி, நுனி வெள்ளியாக மின்னும். அதன் பிறகுதான் டிரைவரிடம் கொண்டுபோக வேண்டும். அங்கே இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது: பற்றவைப்புக் கோலின் முனையில் இரும்புப் பூச்சு உண்டு, டிரைவரின் முதுகில் காந்தம் உண்டு. கிட்டே போனதும் முனையைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். கை நழுவினால் பக்கத்தில் இருக்கும் காயில் கம்பி போச்சு. கோலை உறுதியாகப் பிடித்து, தொட்டோம் விட்டோம் என்று எடுத்துவிட வேண்டும். சூடு நீடித்தால் முனைகளைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் இளகிவிடும்.

ப்ளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறிப் போனாலும் பாட்டு கேட்கும், அதனால் பலருக்குத் தெரியாது. ஆனால் தவில் மெலிந்துவிடும். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிக் கரைந்து கிடக்கும். ஒரு சவ்வு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, அதுதான் காரணம். ஒரே ஆள் பேசும் வானொலிச் செய்தியைப் போட்டுக் கேளுங்கள். வாசிப்பவர் நேர் நடுவில் உட்கார்ந்திருந்தால் வயர் சரி.

டிரைவரை மாற்றினால் ஒலி அமோகமாகிவிடும் என்று சொல்கிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. பாதி ஒலி டிரைவருக்கு வெளியே இருக்கிறது. டிரைவரின் முதுகுத் துளைகளை மூடிய காகித வட்டு, காதை மூடும் கிண்ணத்துக்குள் அடைத்த பஞ்சு, காதைச் சுற்றும் குஷன், இவையெல்லாம் சேர்ந்துதான் அடித்தொனியைத் தீர்மானிக்கின்றன. குஷன் நைந்து காற்று கசிந்தாலே மிருதங்கத்தின் இடந்தலை காணாமல் போகும். எனவே காசு செலவழிக்கும் முன் குஷனை மாற்றிப் பாருங்கள். பஞ்சைக் கூட்டிக் குறைத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே புரியும், அதுவும் இந்த மலையில். ஒன்பது மணிக்கு மேல் தவளையும் தூரத்து நாயும் தவிரச் சத்தமில்லை. அண்ணா சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, பாவம்.

இந்த மலைக்கு இருட்டைத் தேடி வந்தவர்களும் உண்டு. இங்குள்ள காவலூரில் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வைத் தொடங்கி வைத்தது 1968-இல். அதற்குக் கொண்டுவந்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி கொடைக்கானல் ஆய்வகத்திலேயே செய்தது. 1986-இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியும் நம் நாட்டில் வடிவமைத்துச் செய்ததுதான். அந்தத் தொலைநோக்கிகளைப் போலவே இன்றைய ஹெட்போனின் பூர்வீகமும் வீட்டுத் தயாரிப்புதான். 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நேதனியல் பால்ட்வின் தன் சமையலறையில் செய்து அனுப்பிய ஹெட்போன் அந்நாட்டுக் கடற்படைக்குப் பிடித்துப் போயிற்று. நிறையச் செய்து தரக் கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் முடியாது என்றாராம். அடுப்படியில் அவ்வளவுதான் இடம்.

அடுப்படியில் செய்த பொருளை இன்று வீட்டில் திறக்கக்கூட முடியவில்லை. காரணம் பசை. கூம்புக் குழாய்க்குத் திருகாணி போட்டவர்களுக்குத் தெரியும், காயில் என்றைக்காவது கருகும் என்று. பசை போடுகிறவர்களுக்கும் தெரியும், அதனால்தான் பசை. மெல்லியதாக, எடை குறைவாக, நீர் புகாமல் செய்ய வேறு வழியில்லை என்பார்கள். காதுக்குள் செருகும் சின்ன இயர்பட்ஸுக்கு அது ஓரளவு நியாயம். தலையில் மாட்டும் பெரிய ஹெட்போனுக்கு இல்லை. ஜெர்மனியின் சென்ஹைசர் 1997-இல் கொண்டுவந்த எச்.டி. 600-இல் குஷன், வயர், டிரைவர் எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாட்டலாம். 300 ஓம் என்பதால் செல்போனுக்கு அது சற்றுக் கனம், விலையும் நமக்குக் கனம். ஆனால் பசையில்லாமல் நல்ல ஹெட்போன் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி அது.

சட்டம் மெதுவாக வருகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. செல்போனும் மின்னணுப் பொருளும் அதன் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமோ கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு தேதி வேண்டும்.

அதுவரை பேரம் நம் கையில். ஹெட்போன் வாங்கப் போனால் பேஸ் எப்படி என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: குஷன் தனியாகக் கிடைக்குமா, வயரைப் பிடுங்கி வேறு மாட்டலாமா, குஷனைக் கழற்றினால் திருகாணி தெரியுமா? கடைக்காரர் விழித்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.