பாட வராத குழந்தை

மாடிக் குடித்தனத்துப் பெண் போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். எங்கள் ராயபுரத்தில் பாதிப் பேர் வீட்டில் இருப்பதுபோல அவள் வீட்டுக்காரருக்கும் துறைமுகத்தில் வேலை. "ஸ்கூல் பாட்டுக் கோஷ்டியிலேர்ந்து எம் பொண்ணை எடுத்துட்டாங்கக்கா. குரலே சேரலையாம். நானும் ஆத்திரத்துல, இனிமே வீட்லயும் பாடாதேன்னு சொல்லிட்டேன்" என்றாள். ஏழு வயசுக் குழந்தை. இரண்டு நாளாக வாயே திறக்கவில்லையாம்.

உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, எம்.பி. சீனிவாசனைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1925-ல் சித்தூரில் பிறந்தவர். தொழிலாளர்களின் கதையான 'பாதை தெரியுது பார்' (1960) இவர் இசையமைத்த படம். அதில் ஜெயகாந்தன் எழுதிய பாட்டை உங்கள் அம்மாவோ பாட்டியோ இன்றும் முணுமுணுப்பார்கள். பிறகு பெரும்பாலும் மலையாளப் படங்கள். 1961 நவம்பரில், சென்னை பரணி ஸ்டூடியோவில், ஜேசுதாஸ் என்ற இளைஞரை முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாடவைத்தவரும் இவர்தான். அன்று பாடியது ஸ்ரீநாராயண குருவின் சில வரிகள் மட்டுமே!

அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே ஹாலில் ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. படத்தில் பெயர்கூட வராத அந்தக் கலைஞர்களுக்காகச் சங்கம் அமைக்க முன்நின்றவர் எம்.பி.எஸ்.

பெயரும் புகழும் வந்த பிறகு அவர் தேடிப் போனது சேர்ந்திசையை. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதி பாடல்களைப் பலர் சேர்ந்து பாடும்படி அமைத்தார். சேர்ந்திசை என்றால் எல்லோரும் ஒரே மெட்டைக் கத்துவது இல்லை. ஒரு வரிசை மேலே போகும், ஒரு வரிசை கீழே நிற்கும். நடுவில் நிற்பவர் கையசைவில் இரண்டும் வந்து சேரும். கனத்த குரலுக்கும் அங்கே இடம் உண்டு, மெல்லிய குரலுக்கும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார்.

சரி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

சுருதி சேர்வது பழக்கத்தில் வருவது. சில குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது வயதுகூட ஆகிவிடும். அதற்குள் 'குரல் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நம் சுருதிக்கு அதை இழுக்காமல், அது பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் நாம் இறங்கிப் பாட வேண்டும். முதலில் கேட்கட்டும், அப்புறம் வாயை மூடி முனகட்டும், பிறகு பாடட்டும். நன்றாகப் பாடுகிற இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துங்கள், காது தானே பிடித்துக்கொள்ளும். கத்தவிடாதீர்கள். தொண்டை கட்டியிருந்தால் ஓய்வு கொடுங்கள்.

நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் அம்மா, பெண், என் பேத்தி மூவரும் துணி மடித்துக்கொண்டே பாடினார்கள். குழந்தை இரண்டு இடத்தில் தவறினாள், அம்மா மூன்று இடத்தில்! யாரும் நிறுத்தவில்லை.

பாடாதே என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தாயும் அதையே சொல்லலாமா, சொல்லுங்கள்?