அவளுக்கு எதற்கு அலமாரி?

கப்பலில் போய்விட்டு வந்ததை நான் வெளியில் சொல்லியிருக்கக் கூடாது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, திரிகோணமலை வரை போய், ஐந்தாம் நாள் ஏறின இடத்திலேயே இறங்கினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் திருவண்ணாமலைக்காரன் ஒருவன் கடலில் போய் வந்தான் என்றால் ஊரில் அது ஒரு செய்திதான். எங்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் ஐயங்குளமும், மழை பெய்தால் நிரம்புகிற ஏரிகளும்தானே! செய்தி எப்படியோ ஒரு பத்திரிகை ஆசிரியரின் காதுக்கு எட்டிவிட்டது. உடனே கேட்டு எழுதிவிட்டார்: 'கப்பல் அறையில் இடம் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில் சாமான்களை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொள்வது எப்படி என்று நம் வாசகிகளுக்குப் பயன்படும்படி பத்து யோசனைகள் எழுதித் தரவேண்டும்.'

வாசகிகளுக்கு! வாசகர்களுக்கு என்று அவர் எழுதவில்லை. எனக்குச் சண்டை அந்த ஒரு சொல்லோடுதான்.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வேண்டுமானால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கப்பல் அறையின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தம் வைத்த கொக்கி நாலைந்து வாங்கிக்கொண்டு போனால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். தொப்பியிலிருந்து ஈரத் துண்டு வரைக்கும் மாட்டலாம். கட்டிலுக்கு அடியில் பெட்டி நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். காலியான பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியைப் போட்டு உள்ளே தள்ளிவிடலாம். பல பைகள் தைத்த துணி ஒன்றைக் குளியலறைக் கதவில் தொங்கவிட்டால் சீப்பு, சோப்பு, மாத்திரை எல்லாம் அதில் அடங்கிவிடும். துணியை மடிப்பதைவிடச் சுருட்டினால் இடம் மிச்சம். ஹாங்கர் போதவில்லை என்றால் அறையைக் கவனித்துக்கொள்ளும் பையனிடம் கேளுங்கள், தருவான். இஸ்திரிப் பெட்டியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எம்.வி. சிதம்பரம் என்ற நம் சென்னைக் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். கப்பல்காரனுக்குத் தண்ணீரைவிட நெருப்பிடம்தான் பயம் ஜாஸ்தி.

ஆயிற்று. பத்து இல்லாவிட்டாலும் ஏழெட்டுத் தேறும். எல்லாம் உண்மைதான், எல்லாம் பலிக்கும். ஆனால் சுருட்டுவது யார்? கொக்கி வாங்க ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? கட்டிலுக்கு அடியில் தள்ளின பெட்டியைத் தினம் மூன்று வேளை குனிந்து இழுப்பது யார்? அதற்குத்தான் வாசகிகள்!

இடம் குறைவு என்பதையே நான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இடம் குறைவு என்றால் என்ன என்று ரஜூலா கப்பலில் போனவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். 1926-ல் கட்டின கப்பல் அது. 1970-களின் ஆரம்பம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்ப காலத்தில் மேல்தளத்துப் பிரயாணிகளாக மட்டுமே ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்ததாம். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களெல்லாம் அப்படி மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவைதாம். தகரப் பெட்டியை நிறுத்தினால் அதுதான் சுவர். அந்தச் சுவருக்குள்ளே சமையல் பாத்திரம், கைக்குழந்தை, கிழவி எல்லாம் அடங்கின. அவர்களுக்கு யாரும் பத்து யோசனை எழுதவில்லை.

எங்கள் அறையில் இரண்டே பேர், நானும் என் மனைவியும். நூற்றைம்பது சதுர அடி இருக்கும். ஒரு பீரோ, அதில் ஒரு பக்கம் உடை தொங்கவிடக் கம்பி, மறு பக்கம் மூன்று தட்டு. மேல்தட்டில் உயிர்காப்புச் சட்டைகள் இரண்டு. ஆளுக்கு ஒன்று. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-ல் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழிவந்த ஏற்பாடு. அந்த அறையில் ஆண், பெண் என்று பார்க்காமல் ஆளுக்குச் சமமாக இடம் ஒதுக்கியிருந்தது அந்த ஒரு தட்டில் மட்டுந்தான். மீதி இரண்டு தட்டுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? ஒன்றில் என் புத்தகங்கள், மூக்குக் கண்ணாடி, ரத்தக் கொதிப்பு மாத்திரை, போனுக்கு மின்சாரம் ஏற்றுகிற கயிறுகள். இன்னொன்றில் என் வேட்டி சட்டை. கம்பியில் என் கோட்டு. அந்தக் கோட்டை நான் ஐந்து நாளும் போட்டுக்கொள்ளவில்லை.

இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அறைக்குள் நுழைந்தோம், நான் நாற்காலியில் சாய்ந்தேன், திரும்பிப் பார்த்தபோது எல்லாம் அப்படி அப்படி அமர்ந்துவிட்டிருந்தன. அடுக்கியவள் அவள். அவளுடைய பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் புரண்டது. அவள் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியை இழுத்தாள். அது வரமாட்டேன் என்றது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டேன்.

"நாலு நாள் பிரயாணத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு சாமான்?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தாள்.

"இதுல என்னுது நாலு புடவைதாங்க. இது உங்க போர்வை. ஏசி ஒத்துக்காதுன்னீங்களே. இது உங்க தைலம். இட்லிப் பொடி, ஊறுகா, கப்பல் சாப்பாடு உங்களுக்கு இறங்காதுன்னு. இது உங்க மூணாவது செட்டு துணி. உங்க பையில இடம் இல்லைன்னு சொன்னீங்க."

அடுத்த அறையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். "நான் எங்கே போனாலும் ஒரே பைதான், சார்!" என்று ஏறின அன்றே கையை ஆட்டிச் சொன்னார். நான் அசந்துபோனேன். அவருக்குப் பின்னால் அவர் மனைவி இரண்டு பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தார். பெண்கள்தாம் மூட்டை முடிச்சு ஜாஸ்தியாகக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதியும் பேசியும் சிரிப்பு வாங்குகிற கனவான்கள், அந்த மூட்டையை ஒருமுறை அவிழ்த்து யாருடைய சாமான் எத்தனை என்று எண்ணிவிட்டுப் பேசட்டும்.

கட்டிலுக்கு அடியில் போன அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. 1951-ல், இருபத்திரண்டாவது வயதில், புருஷனை இழந்து ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீடு தேரடி வீதிக்குப் பக்கத்தில். ஐந்து அறை, முன்னால் திண்ணை, பின்னால் மாட்டுக் கொட்டகை. சுவரில் பதித்த மர அலமாரிகள் மூன்று. ஒன்றில் அப்பாவின் பத்திரங்கள், கணக்கு நோட்டுகள். ஒன்றில் அம்மாவின் வெள்ளியும் பட்டும். மூன்றாவது பிள்ளைகளுக்கு. எட்டு வயதில் எனக்கென்று அதில் ஒரு தட்டு இருந்தது. பம்பரமும் உடைந்த சிலேட்டும் வைத்திருந்தேன். அத்தையின் தகரப் பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருந்தது.

இடத்தைச் சிக்கனமாக ஆள்வது பற்றி அந்த ஆசிரியர் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாளும் எங்கள் வீட்டில் நாற்பது பேருக்குக் குறையாது. 2,668 அடி உயர மலைமேலே தீபம் ஏறுகிறது என்றால் சும்மாவா? எங்கெங்கோ இருக்கிற உறவெல்லாம் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கும். யார் மூட்டை பரணுக்கு, யாருடையது பெஞ்சுக்கு அடியில், யார் குழந்தையின் பால் பாத்திரம் எந்த மாடத்தில், எல்லாம் அத்தையின் பொறுப்பு. பழைய புடவையைக் கிழித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் என்று மூட்டைகளில் நாடா கட்டிவிடுவாள். எண்ணெய்த் தூக்கை எலி தொடாமல் உறியில் ஏற்றுவாள். கூடத்தில் கொடிக்கயிறு மூன்று வரிசை. மேல் வரிசை ஆண்களுக்கு, நடு வரிசை பெண்களுக்கு, கைக்கு எட்டுவது குழந்தைகளுக்கு. பத்து நாளில் ஒரு கைக்குட்டை மாறிப்போனது கிடையாது. தேர் பார்த்துவிட்டு வந்த மாமா ஒருவர், "உங்க வீடு என்னா பெரிய வீடுப்பா!" என்று அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. வீடு பெரிதாக இல்லை.

அந்தப் பத்து நாளும் மாடிப்படிக்கு அடியிலுள்ள இடமும் தேவைப்படும். ஆகவே அத்தையின் பெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எங்க அக்காவுக்கு என்னா வேணும்? ஒரு பெட்டி. சந்நியாசி மாதிரி" என்பார் அப்பா. இழிவாகச் சொல்லமாட்டார். நெஞ்சு நிறைந்து, மரியாதையோடுதான் சொல்வார்.

சண்டையின் இரண்டாவது பகுதி இங்கேதான் வருகிறது. இது எங்கள் ஊருக்கே உரிய சண்டை. எங்கள் ஊரில் ஒன்றும் இல்லாதிருப்பது ஒரு புண்ணியம். 1896 செப்டம்பர் 1-ந் தேதி பதினாறு வயதுப் பையன் ஒருவன் ரெயிலிலிருந்து இங்கே இறங்கினான். கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தை ஐயங்குளத்தில் போட்டான். மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக் கொண்டான். உலகம் பின்னாளில் ரமண மகரிஷி என்று கும்பிட்டது அந்தப் பையனைத்தான். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, பேசவும் போவதில்லை. ஆனால் அவர் எறிந்தார். எறிவதற்குக் கையில் ஒன்று இருந்தது. எறியலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உரிமை இருந்தது. அத்தையின் கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டு, அதற்குத் துறவு என்று பேர் வைத்தோம். இன்னொன்றும் சொல்கிறேன். 1916-ல் மகரிஷியின் தாயார் மகனோடு இருப்பதற்கு மலைக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகுதான் அங்கே அடுப்பு மூட்டிச் சமையல் ஆரம்பமாயிற்று. அடுப்பு என்று வந்தால் பாத்திரம் வரும், பருப்பு வரும், அதையெல்லாம் வைக்க ஓர் இடம் வேண்டும், வைத்த இடத்தை ஒருத்தி ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டும். மலை உச்சிக்கே போனாலும் இதுதான் கதை.

சட்டம் அத்தையை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனைப் போலப் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டு என்றார்கள். அதற்கு முன்னாலேயே கல்யாணம் ஆகிவிட்டவர்களுக்கு மட்டும் இல்லை என்றார்கள். 2005-ல் தேசம் முழுவதற்கும் பெண்ணுக்குப் பங்கு வந்தது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் வீட்டில் பங்கு கொடுத்த சட்டத்துக்கும் பீரோவில் ஒரு தட்டு வாங்கித் தரும் சக்தி கிடையாது.

அத்தைக்குப் புருஷன் வீட்டில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். அந்தத் தொகை எங்கள் வீட்டு மாடி கட்டப் போயிற்று. இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாடியில் ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் மலை. எனக்குப் படிக்க வேண்டும் என்று அதை எனக்குக் கொடுத்தார்கள். அத்தை அந்த அறையைப் பெருக்குவதற்கு மட்டும் வருவாள்.

1991-ல் அவள் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். அவளிடம் நாற்பது வருஷம் இருந்த ஒரே இடம். மேலாக இரண்டு புடவை. அதற்குக் கீழே அம்மாவின் கூறைப்புடவை, வசம்பு போட்டு மல் துணியில் சுற்றி. அலமாரியில் பூச்சி அரிக்கிறது என்று அம்மாதான் எப்போதோ கொடுத்து வைத்திருக்கிறாள். அதற்கும் கீழே அப்பாவின் நிலப் பத்திர நகல்கள், என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், தங்கையின் வெள்ளிக் கொலுசு, காணாமல் போய்விட்டதென்று நாங்கள் தேடின குத்துவிளக்கின் தலை. அடியில் ஒரு கண்ணாடிக் கூடும், நூல் போட்டுக் கட்டின தபால் அட்டைகள் ஒரு கட்டும். இந்த இரண்டும் அந்தப் புடவைகளும்தான் அவளுடையவை. அட்டைகள் யார் எழுதியவை என்று அப்பா பார்க்கவில்லை. பிறத்தியார் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று சொல்லி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

கப்பலில் இதெல்லாம் எனக்குள்ளே ஓடி, நாலாம் நாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். என் புத்தகங்களையும் மற்றதையும் அள்ளி என் பையில் திணித்து, நடுத்தட்டைக் காலியாக்கினேன். சொல்லவில்லை, அவளாகப் பார்க்கட்டும் என்று மேல்தளத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு நிறைந்திருந்தது. என் போர்வையும் மூன்றாவது செட்டுத் துணியும் அதில் இருந்தன.

"காலியாக் கிடந்துதே, உங்களுக்கு எடுக்கச் சௌகரியமா இருக்கும்னு வெச்சேன்" என்றாள்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, யோசனை எழுதுவதென்றால் ஆண்களுக்கு எழுதச் சொல்லுங்கள். எழுதித் தருகிறேன். முதல் யோசனை, பெட்டியை அவரவரே அடுக்க வேண்டும். இரண்டாவது யோசனைக்கு அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன். 'பெண்கள் பகுதியில் இது பொருந்தாது' என்று நீங்கள் சொல்லுவீர்கள். பின்னே எந்தப் பகுதியில் இடம் இருக்கிறதோ அதில் போடுங்கள்.

தகரப் பெட்டியை நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. நல்ல கெட்டித் தகரம். அந்தக் காலத்துச் சாமான். மாடி அறையில் என் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே என் பழைய கையெழுத்துப் பிரதிகள்.